காய்ச்சல் வரட்டும்னு காத்திருந்தோம்

"கருவக் கலைச்சுட்டா"ன்னா சொன்னாங்க லிஃப்ட்ல, என் பேத்தியப் பத்தி? அந்தப் பத்தாவது மாடி அக்காதானே? எனக்குத் தெரியும்லா. போன தடவ என் மகன் வேலைய விட்டுட்டான்னு சொல்லுச்சு. அவன் லீவு போட்டுட்டு வீட்டுல குழாய் மாத்திட்டு இருந்தான்! உக்காரும்மா. நீ இந்த ப்ளாக்குக்கு வந்தே ரெண்டு மாசம், உனக்கு யாரு சொல்லுவா. நானே சொல்றேன். இன்னைக்கு எனக்கு மனசு குளிர்ந்து கெடக்கு. ஏன்னு கேளு. என் பேத்தி காலையில எழுந்து வந்து, "பாட்டி, பசிக்குது, மீ கோரெங் வேணும், காரமா"ன்னா. பத்து நாளைக்கு அப்புறம் அவளா வாயத் தொறந்து கேட்டது. அந்த வறுத்த நூடுல்ஸ் வாங்க நான் கடைக்கு ஓடின ஓட்டத்த நீ பாத்திருக்கணும். முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல.

நாலரை மாசம் அவளுக்கு. மொதப் புள்ள. கல்யாணமாகி நாலு வருசம் ஏங்கி வந்தது. அன்னைக்கு நான் தேக்கா மார்க்கெட்ல நிக்கிறேன், அவளுக்குத்தான் வவ்வால் மீன் வாங்கறேன். மீன்காரன் ரெண்டு நாள் பழைய மீனத் தலையில கட்டப் பாத்தான், செவுளத் தூக்கிக் காட்டுன்னேன், அப்பதான் நல்லத எடுக்கறான். ஃபோன் வருது. அவ வீட்டுக்காரரு. "பாட்டி, பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு." நாலரை மாசத்துல என்ன பனிக்கொடம் ஒடையறது? மீன அங்கயே விட்டுட்டு டாக்சி ஏறினேன்.

டாக்டரு ஒரு சீனப் பொண்ணு, சின்ன வயசு. அவங்க இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எனக்குத் தமிழ்ல சொன்னாரு. தண்ணி பூரா வடிஞ்சிருச்சாம். புள்ளைக்கு இதயம் துடிக்குது, ஆனா பொழைக்காது. உள்ள கிருமி ஏறிட்டா தாயோட உசுருக்கும் ஆபத்து. பேத்தி அன்னைக்குப் பூரா செவுத்தப் பாத்துட்டே கெடந்தா. மறுநாள், "எடுத்துருங்க டாக்டர்"ன்னா. அதச் சொல்லும்போது என் கைய அவ்வளவு இறுக்கிப் புடிச்சிருந்தா, மோதிரம் குத்திருச்சு எனக்கு.

எடுக்கலாம், இந்த ஊரு சட்டத்துல இடம் இருக்கு. ஆனா மொதல்ல ஆலோசனை சொல்ற ஒரு அம்மா வந்து உக்காந்து பேசணும், கருக்கலைப்பப் பத்திப் படம் காட்டணும். அதுக்கப்புறம் ரெண்டு முழு நாள் பொறுத்துத்தான் கையெழுத்துப் போடணுமாம். மனசு மாறினா மாறட்டும்னு. நான் படிக்காதவ. அவசரப்பட்டு முடிவெடுக்குற பொண்ணுக்கு அது நல்லதாக்கூட இருக்கும். பேச வந்தவங்களும் தங்கமானவங்கதான், முடிச்சுட்டு அவங்களே கண்ணத் தொடச்சாங்க. ஆனா இவளுக்கு மாறுறதுக்கு என்னம்மா இருக்கு?

"நடுவுல ஏதாச்சும் ஆயிட்டா?"ன்னு மாப்பிள்ளை கேட்டாரு. "காய்ச்சல் வந்து, உசுருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா காத்திருக்க மாட்டோம், உடனே செஞ்சிருவோம்"னு சொன்னாங்களாம் டாக்டரு.

இப்ப நீயே சொல்லு. காய்ச்சல் வரக்கூடாதுன்னு வேண்டுறதா, வரணும்னு வேண்டுறதா? எந்தச் சாமிகிட்ட இதப் போய்க் கேப்ப? நர்சு மிஸ்ஸி வந்து வந்து காய்ச்சல் பாப்பாங்க. எனக்கு நம்பரு தெரியாது, அவங்க மொகத்தையே பாத்துட்டு இருப்பேன்.

ரெண்டாவது நாள் மத்தியானம். மாப்பிள்ளை குளிச்சுட்டு வரேன்னு வீட்டுக்குப் போயிட்டாரு. "பாட்டி, தலை வலிக்குது, குளுருது"ன்னா. தொட்டுப் பாத்தேன், லேசாச் சூடு. என் பையில எப்பவும் முட்டி வலிக்கு மாத்திரை கெடக்கும். எடுத்து ரெண்டு குடுத்துட்டேன். மிஸ்ஸியக் கூப்பிடணும்னு தோணல எனக்கு. ஈரத்துணியால நெத்தியத் தொடச்சுவிட்டேன். அப்புறமா மிஸ்ஸி வந்து பாத்துட்டு, "காய்ச்சல் இல்ல, ஆன்ட்டி"ன்னாங்க. எனக்குப் பெருமைன்னா பெருமை. என் கைராசின்னு.

சாயங்காலம் மாத்திரை வேகம் அடங்கினதும் அவ நடுங்குனா பாரு, கட்டிலே ஆடுச்சு. டாக்டரு ஓடி வந்து என்ன குடுத்தீங்கன்னு எல்லாரையும் கேக்கறாங்க. நான் மாத்திரை அட்டைய எடுத்து நீட்டினேன். அவங்க திட்டல. மாப்பிள்ளைதான், "காய்ச்சல மறைச்சிருச்சு பாட்டி"ன்னுட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் ரெண்டு நாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டிலோட ஆபரேஷன் ரூமுக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. கதவு சாத்திருச்சு. நான் அந்த அட்டையப் புடிச்சுக்கிட்டே நிக்கிறேன். கீழ போடக்கூடத் தெரியல எனக்கு.

புள்ளைய எடுத்துட்டு ரத்தம் ஏத்தினாங்க. பொழைச்சுட்டாம்மா. எம் பேத்தி பொழைச்சுட்டா. இன்னைக்குக் காலையில மீ கோரெங்க வாயில வச்சுக்கிட்டே, "ஏ கெழவி, இனிமே ஆஸ்பத்திரிக்கு வந்தா உன் பையச் சோதிச்சுட்டுத்தான் உள்ள விடணும்"னு சிரிக்கறா. திட்டு வாங்குறதுல இப்படி ஒரு சந்தோசம் இருக்குன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாதும்மா.

ஆனா ஒண்ணு, பால் வரும்னு நாங்க யாருமே நெனச்சுப் பாக்கல. வீட்டுக்கு வந்த அன்னைக்கே சட்டை நனைஞ்சு போச்சு. குனிஞ்சு பாத்துட்டு அப்படியே நின்னா. எங்கம்மா காலத்துல மல்லிகைப்பூவ மார்ல வச்சுக் கட்டுவாங்க, பால் வத்தும்னு. சிராங்கூன் ரோட்டுப் பூக்கடைக்குப் போனேன். "தலைக்கா, சாமிக்காம்மா?"ன்னு கேக்கறான். என்னன்னு சொல்லுவேன்? "நாலு முழம் குடுப்பா"ன்னு மட்டும் சொன்னேன்.

தோ, கூப்பிடுறா. காலையில வச்ச பூ வாடியிருக்கும், நனைஞ்சிருக்கும். வேற வச்சுக் கட்டணும். நீ போகும்போது கதவச் சாத்திட்டுப் போம்மா. வரேன்டி, வரேன்...