நாட்டிங்காமின் பிராங்க்ஸ்காரி

மார்வா டலக்கோடு சேர்ந்து ஒரு படுக்கை விரிப்பை மடிப்பது லேசான காரியம் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிப்போம். இந்த முனை நான், அந்த முனை அவள். எதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, பின்னால் போய், மறுபடி எதிரே வர வேண்டும். இரண்டு எட்டு வைக்க வேண்டிய இடத்தில் மார்வா ஐந்து எட்டு வைப்பாள். இஸ்திரி உருளை போடும் சத்தத்துக்குக் கால் தட்டிக்கொண்டே, உதட்டுக்குள் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். விரிப்பு கோணிக்கொண்டு போகும்.

"கொஞ்சம் நில்லேன்டி" என்பேன்.

"நின்னா செத்துருவேன், மங்கை" என்பாள்.

அது 1988. அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது நாட்டிங்காமில், செயின்ட் ஆன்ஸ் பகுதியில். நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது ராப். ரசீதின் பின்பக்கம், சோப்புத்தூள் பை, கையுறை உறை என்று எது கிடைத்தாலும் அதில் எழுதுவாள். மடிக்கும்போது எனக்குச் சொல்லிக் காட்டுவாள்.

"மழை வந்தாச்சு, டக், பஸ்ஸு இன்னும் வரலை;
ஊரே நனைஞ்சாச்சு, டக், ஒருத்தன்கூட அழலை."

எங்கள் நாட்டிங்காமில் எதிரே வருகிற யாரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவோம். கறிக்கடைக்காரர் கூப்பிடுவார், டாக்டரம்மா கூப்பிடுவார், ஆறடி உயரப் போலீஸ்காரரும் கூப்பிடுவார். சொல்லுக்கு அர்த்தம் வாத்து. ஆனால் 'கண்ணு' என்று சொல்கிற மாதிரிதான் காதில் விழும்.

ஓர் ஒலிநாடாவில் இந்தப் பாட்டைப் பதிந்துகொண்டு, ஒரு சனிக்கிழமை மதியம் என்னையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். அங்கே வெண்டல் ப்ராஸரின் கடை. அமெரிக்காவிலிருந்து வந்த ராப் இசைத்தட்டுகள் மட்டும்தான் விற்பான். ஞாயிறு மதியம் ஓர் அடுக்குமாடியின் உச்சி வீட்டிலிருந்து அனுமதியில்லாத வானொலி ஒன்றும் நடத்திவந்தான். எங்கள் பக்கத்தில் அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் எல்லா வீட்டிலும் வெண்டல் குரல்தான். அவன் நல்லது என்றால் நல்லது. மோசம் என்றால் அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது.

நாடாவைப் போட்டான். இரண்டு வரி ஓடியதும் நிறுத்திவிட்டான்.

"என்ன டக் இது? பஸ்ஸு, மழை... ராப்பா, இல்ல பஸ் கம்பெனிக்கு எழுதுற புகார் லெட்டரா?"

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்?"

"அதான் தொல்லையே. உனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. அமெரிக்காக்காரங்களுக்குத்தான் தெரியும். நம்ம ஆளுங்க ராப் பண்ணா, தபால்காரன் போலீஸ் தொப்பி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மார்வாவும் சிரித்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு அவன் சொன்னதை எல்லாருமே நம்பினோம். அமெரிக்காக்காரன் 'இந்தத் தெரு என்னுது' என்று பாடினால் அப்படியே ஏற்றுக்கொள்வோம். எங்கள் ஊர்க்காரன் அதையே பாடினால், அந்தத் தெரு எதுவென்று எங்களுக்குத் தெரியும். அங்கே அவன் அம்மா துணி காயப்போடுவதும் தெரியும். அதனால் ராப் பாடும் எல்லாரும் வாயைத் திறந்ததுமே அமெரிக்கர்களாகிவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே தேநீர் கேட்பார்கள்.

மார்வா அந்த அமெரிக்க வேஷத்தை ஒழுங்காகவே போடுவது என்று முடிவெடுத்தாள். ஐந்து மாதம். விரிப்பு மடிக்கும்போதெல்லாம் அமெரிக்காக்காரி மாதிரி 'ர'வை மென்றாள். 'பஸ்'ஸைப் 'புஸ்' என்று சொல்லும் எங்கள் ஊர்ப் பழக்கத்தை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தாள். நான் தவறு கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் கையிலிருக்கும் முனையை உதறுவாள். மழை போயிற்று, பஸ் போயிற்று, டக் போயிற்று. புதுப்பாட்டில் அவள் நடந்தால் ரோடு நகர்ந்தது, அவள் நின்றால் ரயில் நின்றது.

பக்கத்து ஊரான டெர்பியில் ஓர் ஆளிடம் தாள இயந்திரம் இருந்தது. அவன் வீட்டுக் கார் கொட்டகையில் பதிவு செய்தோம். ஒவ்வொரு முறையும் நாலாவது வரிக்கு முன்னால் விக்கல் மாதிரி ஒரு மூச்சு இழுத்தாள். அவளால் அதை மட்டும் விட முடியவில்லை. கடைசியில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். தட்டு அச்சாகி வந்தபோது நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம், பெயரே இல்லை. அவள் அம்மாவின் தங்கை ஊனா நியூயார்க்கில், ராப் பிறந்த பிராங்க்ஸ் பகுதியில் இருந்தாள். மார்வா தட்டுகளை அங்கே அனுப்பி, அங்கிருந்து அமெரிக்கத் தபால்தலை ஒட்டி வெண்டலின் கடைக்குத் திரும்ப அனுப்பச் சொன்னாள்.

ஒரு ஞாயிறு என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றாள். வானொலியில் வெண்டல் அதைப் போட்டான். முடிந்ததும் மறுபடி போட்டான். மூன்றாவது முறை போடுவதற்கு முன்னால், "கேட்டீங்களா? இது அசல். பிராங்க்ஸ் தெருவுல வளந்த குரல். இந்த மாதிரி இங்க ஒரு பொண்ணைக் காட்டுங்க, நான் கடையை மூடிடறேன்" என்றான்.

நான் அவளைக் கட்டிக்கொள்ள எழுந்தேன். அவள் தொட்டி முன்னால் நின்று, கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்டடி!"

"யாரு ஜெயிச்சது?" என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் இடைவேளையில் பிராங்க்ஸ்காரியைப் பற்றிப் பேசும்போது வெளியே போய்விடுவாள். அவர்கள் பேசாத நாளில் தானே ஆரம்பிப்பாள். ஒருநாள் பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரி தப்பு. மார்வா குனிந்து, தன் சொந்தக் குரலில் சரியான வரியைச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் திரும்பி மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்படி இல்லக்கா. அது அவங்க மாதிரி சொல்லணும். நீங்க சொன்னா நம்ம ஊரு மாதிரி இருக்கு."

இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே மார்வா இறங்கிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

மார்ச் மாதம் ஓடெல் வந்தான். பிராங்க்ஸிலிருந்தே வந்த ராப் பாடகன். பெரிய பெயர் இல்லை, யாரோ பெரிய பெயர்க்காரர்கள் மேடையேறும்முன் பாட வந்தவன். ஆனாலும் வெண்டல் அவனைச் சந்தைக்கு அழைத்துவந்தபோது கூட்டம் கூடிவிட்டது. பாவம், அந்த மனுஷனுக்குச் சளி. கம்பளிச் சாக்ஸ் எங்கே கிடைக்கும் என்று எல்லாரிடமும் கேட்டான். யாரோ புதினாச் சாறு ஊற்றிய பட்டாணிக் கூழை ஒரு கிண்ணத்தில் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொரு கரண்டியையும் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

வெண்டல் தட்டைப் போட்டான். "உங்க தெருப் பொண்ணு. இவளைத் தெரியுமா?"

மார்வா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. இப்போது அகப்பட்டுக்கொள்வோம் என்று இருவரும் நினைத்தோம். அகப்பட்டால் தேவலை என்று அவள் நினைத்தாளோ என்னவோ.

ஓடெல் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "எங்க தெரு இல்ல. ஃபிலடெல்ஃபியாவா இருக்கும். அங்கதான் இப்படி இழுப்பாங்க. நல்லாத்தான் பாடுறா." பிறகு, "இந்தப் பச்சைக் கூழுல என்ன போட்டிருக்கு?" என்றான்.

அவ்வளவுதான். மார்வாவின் முகத்தைப் பார்த்தேன். எந்த நாட்டுக் காதுக்குப் பயந்து ஐந்து மாதம் நாக்கைத் தேய்த்தாளோ, அந்தக் காதுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஓடெல் சாக்ஸ் வாங்கப் போன பிறகு அவள் வெண்டலின் முன்னால் போய் நின்றாள்.

"அது நான்தான்."

"எது?"

"அந்தத் தட்டு. பாடினது நான்."

வெண்டல் சிரித்தான். "அது பிராங்க்ஸ்லேர்ந்து தபால்ல வந்துச்சு, டக். தபால்தலையை நானே கிழிச்சு வெச்சிருக்கேன்."

"என் சித்தி அனுப்பினா."

"எனக்கும் அங்க ஒரு அத்தை இருக்காங்க. அதுக்காக நான் பாடினேன்னு சொல்றேனா?"

அவள் அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில், முதல் பாதியைப் பாடிக் காட்டினாள். குரல் கொஞ்சம் பிசிறியது; அவள் இழுக்கும் அந்த மூச்சு சந்தை இரைச்சலில் கேட்கவில்லை. முடிந்ததும் வெண்டல் அன்பாகவே சொன்னான்: "நல்லா காப்பி அடிக்கிற. ஆனா அந்தத் திமிரு வரலை. அது கூடவே பொறக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். மார்வா என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் சாவியைக் கதவில் குத்தத் தெரியாமல் குத்திக்கொண்டே, "மங்கை, என் பாட்டுல எனக்கே இடம் இல்லடி" என்றாள். அன்றுதான் அவள் அழுது பார்த்தேன்.

கோடையில் ஹைசன் கிரீன் பகுதியின் சமூகக் கூடத்தில் சனிக்கிழமை மதியம் ஒரு நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். மார்வா பெயர் கொடுத்தாள். அமெரிக்கக் குரல் இல்லை. பழைய பஸ் பாட்டு, அதற்குக் கீழே புதிதாக எழுதிய இருபது வரி. வேண்டாம் என்று நான் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"மழை வந்தாச்சு, டக்" என்று ஆரம்பித்ததுமே சிரிப்பு. பின்வரிசையில் ஒருவன் வாத்து மாதிரி கத்தினான். உடனே பத்து வாத்து கத்தியது. கதவுப் பக்கம் நின்ற சிலர் வெளியே போனார்கள். மார்வா நிறுத்தவில்லை. மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பாடினாள். சலவைக்கூடத்தில் நடக்கிற அதே ஐந்து எட்டு. ஆஸ்பத்திரி விரிப்புகளில் என்னென்ன கறை வரும், அது எந்த வார்டிலிருந்து வரும், யார் திரும்ப வீட்டுக்குப் போகவில்லை என்று சொன்னாள். வாத்துச் சத்தம் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை, ஒருவன் கடைசிவரை கத்தினான். கைதட்டல் பாதிக் கூடத்திலிருந்துதான் வந்தது. ஆனால் என் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய உடம்புக்கார நர்ஸ் கைக்குட்டையைத் தேடினார்.

வெண்டல் சுவரோரம் நின்றிருந்தான். பாட்டு முடிந்து மார்வா இறங்கி வந்ததும் வழியை மறித்தான்.

"நாலாவது வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுத்த."

"எப்பவும் இழுப்பேன்."

"அந்தத் தட்டுலயும் இருக்கு." விரலை அவள் பக்கம் நீட்டினான். "நீதானா?"

"சொன்னேனே."

அவன் மன்னிப்புக் கேட்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் கத்தினான். "என்னை ஊர் முன்னாடி முட்டாளாக்கிட்ட! மூணு தடவை போட்டேன்டி! அசல்னு சொன்னேன்!"

"அசல்தானே?" என்றாள் மார்வா.

அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்தத் தட்டை அதற்குப் பிறகு வானொலியில் போடவே இல்லை. கடையில் மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டான். விஷயம் பரவியதும், வாங்கியவர்கள் சிலர் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். அதே தட்டு, அதே பாட்டு. பாடியவள் செயின்ட் ஆன்ஸ்காரி என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் சொந்தக் குரலில் ஒரு தட்டு போட்டாள், சொந்தப் பெயரோடு. பெரிதாக ஓடவில்லை. வெண்டல் ஒரே ஒரு முறை போட்டான். பெயர் சொல்லவில்லை. "இது நம்ம ஊரு" என்றான், உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டான். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. அவன் கொஞ்ச வருஷத்தில் கடையை விற்றுவிட்டு லெஸ்டர் பக்கம் போனான்.

மார்வா சலவைக்கூடத்தை விட்டாள், பஸ் ஓட்டினாள், அதையும் விட்டாள், கல்லூரி ஒன்றில் சமைத்தாள். இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தாள். எந்த வேலையிலும் நாலு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை. பாட்டை மட்டும் விடவில்லை. நூலகத்தில், மதுக்கடையின் பின்னறையில், ஒருமுறை கல்யாண வரவேற்பில், கேட்க ஆள் கிடைத்த இடத்திலெல்லாம் பாடினாள். இந்த நாட்டு ராப் பாடகர்கள் தங்கள் குரலிலேயே பாடி உலகம் சுற்றும் காலமும் வந்தது. அப்போதாவது அமைதியாவாள் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவள் வீட்டில் சாப்பாடு. அவள் செய்த பயறுச் சோறும், வறுத்த வாழைப்பழமும். வானொலியில் ஒரு சின்னப் பெண்ணின் பேட்டி. புல்வெல்காரி, எங்கள் ஊரின் வடக்குக் கோடி. ராப் பாடினாள். மார்வா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேட்டியா? லண்டன்காரி மாதிரி பேசுது! புல்வெல்ல பொறந்துட்டு!"

"சின்னப் பொண்ணு, விடேன்."

"விடறதா? யாரோ ஒருத்தன் அவகிட்ட சொல்லியிருக்கான், மங்கை. உன் வாய் இதுக்கு ஆகாதுன்னு எவனோ சொல்லியிருக்கான்!" எழுந்து கோட்டை மாட்டினாள். அறுபதை நெருங்கும் முழங்கால் மடக்கென்று சத்தம் போட்டது.

"எங்கடி போற?"

"ரேடியோ ஸ்டேஷனுக்கு. அந்தப் பொண்ணு வெளிய வரும்ல."

"வந்தா என்ன சொல்லப் போற?"

வாசலில் ஒரு கணம் யோசித்தாள். "தெரியலை. போற வழியில எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.