வெண்டிக்காய்க்கு வால் மிச்சமில்லை

மரக்கறி விற்கிறவனுக்கு மரக்கறிக்கு முதல் குணம்தான் பழுதாகும். ஒஸ்லோவில், ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறித் தட்டுக்குக் காவலாக நிற்கிறவன் நான். கடையில் நின்று நின்று கால் வீங்கின என் சனங்களே, உங்களுக்குச் சொல்லாமல் இதை நான் வேறை ஆருக்குச் சொல்லுறது?

படக், படக்

வெள்ளிக்கிழமையில் வெண்டிக்காய் வந்து இறங்கும். பெட்டியைத் திறந்துவிட்டு அங்காலை திரும்பினால் "படக், படக்" என்று சத்தம். பிஞ்சோ முற்றலோ என்று பார்க்க, வாங்க வந்தவர்கள் வாலை முறிக்கிறார்கள். சரி, முறிந்தால் பிஞ்சு, எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதானே? அதுதான் இல்லை. முறித்ததைத் திரும்பப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு, முழுசாய்க் கிடக்கிறதைப் பொறுக்குவார்கள்.

ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து வருகிற ஒரு பிள்ளையிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "தங்கச்சி, நீங்கள் முறிச்சதை நீங்களே கொண்டு போங்கோவன்." என்னை ஏதோ கூடாத கதை கதைத்தவன்போல் பார்த்தாள். "முறிச்சால்தானே பிஞ்செண்டு தெரியும். அதுக்காக முறிஞ்சதை ஆர் அண்ணை வாங்குவினம்?"

முதலாளி கண்ட சந்தை

மத்தியானத்துக்குள் வால் போன வெண்டிக்காயெல்லாம் கறுத்துப்போகும். ஏச்சு எனக்கு. முதலாளி என்னைவிட இளையவர், அவருடைய கோபம் என்னுடையதைவிட மூத்தது. ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் பழைய சந்தை மண்டபம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஒரு சனமும் சாமானில் கை வைக்கிறதில்லையாம்.

கோடை லீவுக்கு நானும் மனுசியும் அந்த ஊரில் மச்சாள் வீட்டுக்குப் போகிறோம் என்றதும் பிடித்துக்கொண்டார். என் வேலைக்கு வேட்டு வைக்கிறதையும் மரியாதையாகத்தான் சொன்னார். "அண்ணை, போய்ப் பாத்துப் படிச்சுக்கொண்டு வாங்கோ. சனத்தை மறிக்க ஏலாட்டி எல்லாத்தையும் பைக்கற்றிலை அடைச்சுப்போடுவன். பைக்கற்றுக்குக் காவல் தேவையில்லை."

கும்பிட வரேல்லை

நாங்கள் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனது யூரோக் காசு வந்த புதிசில். மண்டபம் வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. உயரத்தில் கண்ணாடிக் கூரை. கீழே தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் சாமிக்குப் படைத்ததுபோல் அடுக்கிக் கிடந்தன. சனம் விரலால் காட்டுகிறது, விற்கிறவர் எடுத்துக் கொடுக்கிறார். ட்வெய்ட்டாச் சனத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கையில், விற்கிற மனிதர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். பார்த்தால், என்ர மனுசியின் கையில் வெண்டிக்காய்.

எனக்கு நொர்வேஜியம் தெரியும், அதனால் அவருடைய பாஷையும் அரைவாசி விளங்கியது: தொடக்கூடாதாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மனுசி அந்தக் காயை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டாய் மடிந்து கிடந்தது, முறியவில்லை. முற்றல்! கயிறு! அந்த அழகான அடுக்கு முழுக்க அதே சாமான். மனுசியில் வந்த கோபம் அப்படியே அந்த ஆளின் பக்கம் திரும்பியது. ஆனால் எனக்கு முதல் அவள் சுத்தத் தமிழில் தொடங்கிவிட்டாள். "தொடக்கூடாதெண்டால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சு விளக்குக் கொளுத்து. நான் சமைக்க வந்தனான், கும்பிட வரேல்லை!"

முதல் பைக்கற்

திரும்பி வந்தால், கடையில் பிளாஸ்டிக் தட்டுகள் வந்து குவிந்திருந்தன. "தொடவிடாதவன் முத்தலைத்தான் விக்கிறான்" என்று சொன்னேன். முதலாளி காதில் விழுத்தவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு தட்டு வெண்டிக்காயை இறுக்கிச் சுற்றி அவருடைய கையில் வைத்தேன். "முதல் பைக்கற் உங்கடை வீட்டுக்கு. கொண்டு போங்கோ."

வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மேலால் அமத்திப் பார்த்தார். வாசல்வரை போனவர் நின்றார். நகத்தால் பிளாஸ்டிக்கைக் கிழித்து ஒன்றை வெளியே இழுத்தார். படக்! நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பாக்காமல் என்னெண்டு அண்ணை வீட்டை கொண்டுபோறது?"

பிளாஸ்டிக் தட்டுகள் பின்னறைக்குப் போய்விட்டன, பெட்டி திறந்தே கிடக்கிறது, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காவல் நிற்கிறேன், வால்தான் ஒரு வெண்டிக்காய்க்கும் மிச்சமில்லை.