மூன்றாம் வரிசையைத் தாண்டிய பாத்திரம்

இரண்டாயிரத்து ஏழில், கோடை தொடங்கியிருந்த நேரம், கேஸ் ஏஜென்சியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இணைப்பு எடுத்த மாதமும் ஆண்டும் எழுத வேண்டும். எனக்கு இதெல்லாம் சிரமமே இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், மழை, படகு எத்தனை நிமிடம் தாமதம், வாங்கிய மீன், கேட்ட பிரசங்கம் எல்லாம் இருக்கும். ஆண்டு வாரியாக அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். தொண்ணூற்றெட்டை எடுத்துப் புரட்டினேன். இணைப்பு எடுத்த நாள் ஜூலையில் கிடைத்தது. அதற்கு நான்கு பக்கம் முன்னால் அந்த மாதத்தின் முதல் ஞாயிறு இருந்தது.

"எழுந்தது 4.50. மழை. மனைவியுடன் பேச்சில்லை, பதினொன்றாம் நாள். ஆராதனை 9.30. திருவிருந்தில் ஒருவருக்குப் பாத்திரம் மறுத்தேன். மத்தி அரைக் கிலோ."

கையெழுத்து ஓர் இடத்திலும் நடுங்கவில்லை. மத்தி என்று எழுதிய அதே சீரில்தான் மறுத்தேன் என்றும் எழுதியிருந்தேன். படிவத்தை எழுதாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எங்கள் சபை மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் கூடியது. முப்பது பேர் இருப்போம். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் பாதிப் பேர் பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவார்கள். பாய் விரித்து, ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். பலகைத் தரையின் இடுக்குகளில் சுக்கு வாசனை ஏறி வரும். பாஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். வார நாட்களில் ஆட்டோ ஓட்டுவார். நான் சபையின் செயலாளர். பதிவேடு என்னிடம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் திராட்சை ரசப் பாத்திரத்தை வரிசை வரிசையாக எடுத்துச் செல்வதும் என் வேலைதான்.

எனக்குச் சம்பளம் தந்த வேலை வெலிங்டன் தீவில், ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில். சரக்குப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத மூட்டை கப்பலில் ஏறாது. ஏறினால் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றாறில் தபால் வழி வேதபாடம் ஒன்றில் சேர்ந்தேன். மாதம் ஒரு பாடம், ஒரு கேள்வித்தாள். அதில்தான் கால்வினிய உபதேசத்தை முதன்முதலாகப் படித்தேன். உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தமக்குரியவர்களைத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார், மனிதனுடைய தகுதியைப் பார்த்து அல்ல, தம்முடைய இரக்கத்தினால். அப்படித் தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் ஒருவரையும் அவர் கடைசிவரை விட்டுவிட மாட்டார். படித்தபோது அழுதேன். அது உண்மையான அழுகை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அலுவலகத்துக்குப் போய் வரப் படகில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்ததில், எப்போது என்று தெரியவில்லை, இரக்கம் பின்னால் போய்ப் பட்டியல் முன்னால் வந்துவிட்டது. எல்லாக் கேள்வித்தாளிலும் நூற்றுக்கு நூறு வாங்கினேன்.

பாஸ்டருக்கு இந்த உபதேசம் ஒத்துவரவில்லை. யாரும் வரலாம், வந்தவனும் விட்டுப் போகலாம், போனவன் திரும்பவும் வரலாம் என்பார் அவர். ஆட்டோ ஸ்டாண்டில் நின்றே மணிக்கணக்காக வாதாடியிருக்கிறோம். ஒருவரையொருவர் அசைக்க முடிந்ததில்லை.

சபையில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். சபைக்கு வந்த புதிதில் குடியை விட்டவர். மூன்றாம் வரிசையின் ஓரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காருவார். என்னைச் சபையில் பிரதர் என்பார், தெருவில் பார்த்தால் மலையாளத்தில், அண்ணன் என்ற அர்த்தத்தில், சேட்டா என்பார். யாரையாவது சிரிக்க வைக்காமல் அவரால் இருக்க முடியாது.

ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை, மாலை ஜெபக்கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"எனக்காக ஜெபிக்கணும். ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். குடிச்சிட்டேன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம். அவ்வளவுதான் சொல்ல வந்தது."

பாஸ்டர் முழங்கால் போடத் தொடங்கிவிட்டார். நான்தான், "ஒரு நிமிஷம் பாஸ்டர்" என்றேன்.

படகில் வரும்போது ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். யாருக்காக என்று யோசித்துச் செய்ததில்லை. அதை எங்கே சொல்லலாம் என்று பல நாளாகக் காத்திருந்தேன். "உண்மையாத் தெரிந்துகொள்ளப்பட்டவன் கடைசிவரை நிப்பான். அதனால ஒருத்தன் விழுந்தான்னு சொல்லக்கூடாது. அவன் நின்னதே இல்லன்னுதான் சொல்லணும்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு வருஷம் குடிக்காம இருந்தேனே பிரதர், அது யாரு செஞ்சது?"

"அது பொதுவான கிருபை. எல்லாருக்கும் கிடைக்கிறது. ரட்சிப்போட அதுக்குச் சம்பந்தம் இல்ல."

"பொதுக் கிருபையா?" என்றார். "நம்ம முடுக்குல பொதுக் குழாய் இருக்கே, அது மாதிரியா? காலையில ஒரு மணி நேரம் வரும், பின்னெ காத்துதான் வரும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாஸ்டரும் சிரித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பில் என் மனைவியின் சிரிப்பைத் தனியாகக் கேட்டேன். "செரி செரி, சிரிச்சது போதும், முட்டுக்குத்துங்க" என்றார் பாஸ்டர். எல்லோரும் முழங்கால் போட்டு அவருக்காக ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள், "அவரு பாவம், தானா வந்து சொன்னாரு. ஏன் அப்படிப் பேசினீங்க?" நான் மூன்று காரணங்களை வரிசையாக விளக்கினேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "நீங்க தெரிந்துகொள்ளப்பட்டவருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். மறுநாள் காலையிலிருந்து அவளுடன் பேசுவதை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தோப்பும்படியில் பஸ் நின்றபோது, அவர் கள்ளுக்கடைக்குள் நுழைவதைப் பார்த்தேன். "6.40. கண்டேன்" என்று குறித்திருக்கிறேன். குறிக்காத ஒன்றும் உண்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வாக்கியம் சரிதான் என்று ஆகிவிட்ட சந்தோஷம்.

சபைக்குத் திராட்சை ரசம் காய்ச்சிக் கொடுப்பது என் மனைவி. சனிக்கிழமை காய்ச்சி, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி மேசையில் வைத்தாள். ஞாயிறு காலை அதை நான் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரே பாத்திரம்தான், எவர்சில்வர். ஒவ்வொருவர் குடித்த பிறகும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். மூன்றாம் வரிசையின் ஓரத்துக்கு வந்தேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். நான் விளிம்பைத் துடைத்தேன். வழக்கத்தைவிட நிதானமாகத் துடைத்தேன் என்று நினைவு. பிறகு நான்காம் வரிசைக்குத் திரும்பிவிட்டேன்.

அவருடைய கைகள் சிறிது நேரம் அப்படியே இருந்தன. பிறகு, அதற்காகத்தான் கையைத் தூக்கியது போல, தலைமுடியைக் கோதிக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் அவருடைய மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியும் பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை ஜன்னல் ஓரத்துக்கு அழைத்தார்.

"யாரு சொல்லி அப்படிச் செஞ்சீரு?"

"வெள்ளிக்கிழமை கள்ளுக்கடையில பாத்தேன் பாஸ்டர்."

"பாத்தீரு, செரி. அது ஒம்ம வீட்டுப் பந்தியா வேய்? நீரு வெளம்புதவரு, அவ்வளவுதான். குடிச்சவன் இங்க வராம பின்ன எங்க போவான்?"

நான் உபதேசத்தை எடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் நான்கு குடும்பங்களை அழைத்துக்கொண்டு சபையை விட்டு விலகினேன். என் வீட்டில் கூடினோம். பதினான்கு மாதத்தில் அந்த நான்கு குடும்பங்களும் ஒன்றோடொன்று வாதாடிப் பிரிந்தன. திரும்ப மாடிக்குப் போனபோது பாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று முதல் ஞாயிறு. முதல் வரிசையில் இடம் விட்டு, எனக்குப் பாத்திரத்தை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சில மாதங்களில் பாத்திரம் மறுபடியும் என் கைக்கே வந்தது.

நான் பாத்திரம் மறுத்தவரோ அந்த ஞாயிறுக்குப் பிறகு சபைக்கு வரவே இல்லை. அவருடைய மனைவி மட்டும் ஒன்பது வருடமும் வந்தார். வாரந்தோறும் ஜெபக் குறிப்புச் சீட்டில் ஒரே வரி எழுதிப் போடுவார்: என் வீட்டுக்காரருக்காக. சீட்டுகளைச் சேகரித்து உரக்க வாசிப்பவன் நான்தான். நான் விலகியிருந்த மாதங்கள் போக, இத்தனை வருடமும் வாசித்திருக்கிறேன்.

கேஸ் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று, அந்தப் பக்கத்தை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"மொத்தம் பதினாறு நாள் பேசல" என்றாள். "நான் எழுதி வைக்கல. ஆனா தெரியும்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"எங்கிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல அவருகிட்டப் போங்க" என்றாள்.

காலை வேலை முடிந்து அவர் தோப்பும்படிப் பாலத்தருகே ஒரு சாயாக்கடையில் உட்காருவார் என்று அவருடைய மனைவி சொன்னார். சொல்ல வேண்டியதை நான்கு வரியாக ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பதினொரு மணி. அவர் மிகவும் மெலிந்திருந்தார்.

"என்ன சாரே, இந்தப் பக்கம்? மீன் வாங்கவா?"

பிரதரும் இல்லை, சேட்டாவும் இல்லை.

"உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னையா? எங்கேயாவது குப்ப கெடக்கா?" என்று சிரித்து, எனக்கும் ஒரு சாயா சொன்னார்.

தாளை எடுக்கவில்லை. "அன்னைக்குப் பாத்திரத்த உங்களுக்குத் தராமப் போனேன். அது தப்பு" என்றேன்.

"அய்யோ, அது பழைய காரியம். அதுல தப்பொண்ணும் இல்ல சாரே. நீங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு."

"எது சரி?"

"நான் லிஸ்ட்டுல இல்லங்கறது." சாயாவை ஆற்றியபடி சாதாரணமாகச் சொன்னார். "அதுக்கு முன்னாடி தெனமும் சண்ட. கள்ளு ஷாப்பு வாசல்ல நின்னு, உள்ள போகாதடா, கர்த்தர் பாக்குறாருன்னு எனக்கும் எனக்கும் சண்ட. நீங்க தாண்டிப் போனீங்கல்ல, அப்புறம் நிம்மதி. என்னைப் பாக்க யாரும் இல்ல. இல்லாத ஆளோட என்ன சண்ட?"

எத்தனையோ பேரிடம் அந்த உபதேசத்தை வாதாடியிருக்கிறேன். பாஸ்டரை அசைக்க முடியவில்லை, மனைவியை முடியவில்லை, என்னோடு வந்த நான்கு குடும்பங்களும் நிலைக்கவில்லை. நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் நம்பி, அதன்படி வாழ்ந்தவர் இவர் ஒருவர்தான்.

"யார் தெரிந்துகொள்ளப்படலன்னு மனுஷனால சொல்ல முடியாது" என்றேன் அவசரமாக. "அந்த உபதேசமே அப்படித்தான் சொல்லுது." அது உண்மை. தபால் பாடத்தில் ஒரு கேள்வியாகவே வந்தது. அதற்கும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அவர் கிளாசைக் கீழே வைத்தார். "யாராலயும் சொல்ல முடியாதுன்னா, நீங்க எப்படி சாரே தாண்டிப் போனீங்க? தெரிஞ்சுதானே போனீங்க?"

"தெரிஞ்சு போகல."

"பின்னெ?"

"நீங்க பொதுக் குழாய்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. என் வீட்டுக்காரியும் சிரிச்சா. அதான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தில் ஒரு ஐஸ் லாரி போய், அதன் தண்ணீர் ரோட்டில் கோடாக விழுந்திருந்தது.

"சிரிச்சதுக்கா?"

"ஆமா."

"ஒம்பது வருஷம், பிரதர்" என்றார். குரல் எழும்பவில்லை. "நான் அத தெய்வம் சொன்னதுன்னு நெனச்சேன்."

"போங்க" என்றார். "இப்ப இங்க நிக்க வேண்டாம். போங்க." நான் எழுந்து போனேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வையில் தாள் ஊறி நான்கு வரியும் மங்கியிருந்தன.

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரத்தை இனி வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "நீரே எடும். அந்த மூணாவது வரிசைக்கு நீருதான் வரணும்."

நான் இன்றும் அந்த உபதேசத்தை விட்டுவிடவில்லை. அது என்னை விட்டுவிடாமல் இருந்தால் போதும் என்றுதான் இப்போது படிக்கிறேன். யாரிடமும் வாதாடுவதில்லை.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. வரிசை வரிசையாகப் போனேன். மூன்றாம் வரிசையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் சொல்லியிருக்க வேண்டும். அவர் வரவில்லை. நான் விளிம்பைத் துடைத்துக்கொண்டு நான்காம் வரிசைக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவி தலை நிமிரவே இல்லை.

வீடு திரும்பிய பிறகு என் மனைவி சொன்னாள். அந்த அம்மா அவளிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னதாம்: "காலையில ஷேவ் பண்ணாரு. வெள்ளச் சட்ட போட்டாரு. பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. நான் கெளம்பும்போதும் உக்காந்துதான் இருந்தாரு. கூப்பிட்டேன், நீ போன்னாரு."

"தேய்ச்ச சட்டையா?" என்று கேட்டேன்.

எதற்கு என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் புரிந்தது.

"சனிக்கிழமையே தேய்ச்சு வச்சிருந்தாராம்" என்றாள்.

அன்றைய பக்கத்தில் நேரத்தையும் மழையையும் எழுதவில்லை. அதை மட்டும் எழுதினேன்.