‘வாங்க’ தெரியாத தங்கம் அக்கா

போன செவ்வாய்க்கிழமை பசாரில் ஒரு பெரிய பாராங் மீன் வெட்டப்படாமல் கிடந்தது. வெயில் ஏறியும் விற்கவில்லையா என்று மீன்காரரிடம் மலாயில் கேட்டேன். அதை எப்போதும் வாங்குகிறவர் இனி வரமாட்டார் என்றார். யார் என்று நான் கேட்பதற்குள், “மக்சிக் தங்கம் சூடா தியாடா” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கம் அக்கா இல்லை. காஜா பெராங்கில் செட்டிகளின் குடியிருப்பான செட்டி கம்பத்தில், முந்தின நாள் மாலை, தூக்கத்திலேயே போய்விட்டார்.

நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்குப் பின் வந்த முதல் பொங்கல் சமயத்தில் பொம்மை ரயில் பிரியர்களின் கூட்டத்துக்கு மலாக்கா வந்தவர்கள் யாரும் அக்காவை மறந்திருக்க முடியாது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குச் சோறு போட்டவர் அவர். ஊரைச் சுற்றிக் காட்டியவரும் அவர்தான். நான் பேருக்குச் சங்கச் செயலாளர். கடிதம் எழுதியதைத் தவிர எதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேலிதான் முதலில் வந்தது. தண்டவாளமே இல்லாத ஊரில் ரயில் கூட்டமா என்றார்கள். நியாயமான கேலி. தம்பினிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த பாதையை ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் கவலையோடு அக்காவிடம் சொன்னபோது அவர் அம்மியிலிருந்து தலையைத் தூக்காமலே, “வயிறு நெறைஞ்சவன் ஸ்டேசன் எங்கேன்னு கேக்கமாட்டான் லா” என்றார். இதை அவர் சொன்னது மலாயில். அக்கா பேசியதெல்லாம் மலாய்தான். செட்டி குடும்பங்கள் மலாக்காவில் வேர்விட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சாமி தமிழ்ச் சாமி, பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு மட்டும் மலாய். இங்கே அவர் பேச்சை நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதல் நாள் ஊர் சுற்றல். பேருந்தின் முன்னால் குடையும் கையுமாக நின்று அக்கா எல்லாரையும் குன்றுக்கு அழைத்துப் போனார். இடிந்த மாதா கோயிலையும் பழைய கோட்டை வாசலையும் விருந்தாளிகள் கடன் கழிப்பதுபோல் பார்த்தார்கள். சிலர் நிழலில் உட்கார்ந்து எஞ்சின் பற்றி வாக்குவாதம் செய்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னார். பேருந்து பழைய ஸ்டேஷன் இருந்த பக்கம் போய் நின்றது. அங்கே லாலாங் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. “இங்கதான் இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான், பெரிய பெரிய உத்தியோகஸ்தர்கள் முட்டி போட்டுப் புல்லைக் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு துரைக்குத் துருப்பிடித்த ஆணி ஒன்று அகப்பட, அதை யார் வைத்துக்கொள்வது என்று அரைமணி நேரம் சண்டை. அக்கா குடைக்குள் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வினை மறுநாள் பகலில் வந்தது. பள்ளி மண்டபத்தில் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் மேசையை விட்டு நகரவில்லை. அக்கா கையைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளப்பினார். வெள்ளைக்காரரிடம் மலாய், சீனரிடம் மலாய், தமிழரைக் கண்டால் மட்டும் தமக்குத் தெரிந்த தமிழ். அது இரண்டே வார்த்தை. சங்கத்தின் தலைவர் சிவஞானம், ரயில்வேயில் பெரிய அதிகாரி, தம் கீழே வேலை செய்கிறவர்கள் சூழ ஒரு சிக்னலைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா அவர் தோளைத் தட்டி, “வா. சாப்பிடு” என்றார்.

ஒரு குமாஸ்தா சிரிப்பை அடக்க இருமினான். சிவஞானம் சாப்பிடவில்லை. என்னைத் தனியே அழைத்து, அன்று மாலை செட்டி கம்பத்தில் வைத்திருந்த விருந்து வேண்டாம், ரெஸ்ட் ஹவுஸில் ஏற்பாடு செய்துவிட்டேன் என்றார். மரியாதை தெரியாத வீட்டில் என் ஆட்கள் உட்காரமாட்டார்கள் என்றும் சொன்னார். அன்று போகி. முன்னோருக்குப் படைக்கும் ‘பார்ச்சு’ செட்டி வீடுகளில் அன்றுதான். படைத்த கையோடு விருந்தாளிகளுக்கும் போடலாம் என்று கம்பத்துப் பெண்களையெல்லாம் அக்கா சம்மதிக்க வைத்திருந்தார். வெளியார் வந்து சாப்பிடப்போவது அதுதான் முதல் முறை. வேண்டாம் என்று சொன்ன கிழவிகளிடம், நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார். விருந்தாளி வராவிட்டால் அந்தக் கம்பத்தில் அக்கா தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

போய்ச் சொன்னேன். அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று கேட்டார். பெரியவர்களை ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ என்று சொல்லவேண்டும் என்று விளக்கினேன். அக்காவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஊரில் தமிழர்கள் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறாராம். அது அவர்கள் வார்த்தையை இழுத்துப் பேசும் பழக்கம் என்று நினைத்திருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தைரியமில்லை. அவர் முகம் வாடிக் கிடந்தது. கடைசியில், “அவரை ஒரே ஒரு தடவை வரச்சொல். மன்னிப்புக் கேட்டுக்கறேன். அப்புறம் எங்க வேணும்னாலும் போய்ச் சாப்பிடட்டும்” என்றார்.

சிவஞானம் வந்தார். ஐந்து நிமிடம்தான் என்று சொல்லி, காரின் எஞ்சினை நிறுத்தவேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தார். விளக்கு வைக்கும் நேரம். வீட்டுக்குள் வாழையிலைகள் போட்டு, நாசி லெமாக், பாராங் மீன், சம்பால், இறந்தவர்களுக்குப் பிடித்த பலகாரங்கள் எல்லாம் பரிமாறியிருந்தது. பூஜை முடியும்வரை வாசலில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். சாம்பிராணிப் புகைக்குள் அக்கா ஒவ்வோர் இலையின் முன்னாலும் போய்க் கைகூப்பினார். மலாயில் ஏதேதோ வேண்டிக்கொண்டார். அப்புறம் தமிழில் அழைத்தார்.

“அப்பா, வா. சாப்பிடு. அம்மா, வா. சாப்பிடு.”

பாட்டன், அத்தை, அதற்கு முந்தின வருடம் இறந்துபோன கணவர் என்று யாரையும் விடவில்லை. எல்லாருக்கும் அதே இரண்டு வார்த்தைதான்.

சிவஞானம் என் பக்கம் திரும்பாமல், இந்த அம்மாவுக்கு வேறு தமிழ் தெரியாதா என்று மெல்லக் கேட்டார். இவ்வளவுதான் தெரியும் என்றேன். அவர் திரும்பிப் போய் டிரைவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

அக்கா வெளியே வந்தார். மத்தியானத்திலிருந்து பழகி வைத்திருந்ததை, பரீட்சைக்குப் போன பிள்ளைபோல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், ‘ஐயா’ என்பதை மட்டும் மலாயில். “துவான், வாங்க. சாப்பிடுங்க.”

“வேணாம், அக்கா. மத்தியானம் சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்றார் சிவஞானம். “எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை அப்படி யாரும் கூப்பிடல.”

அக்கா என்னைப் பார்த்தார். மலாயில் சொன்னேன். அக்கா அவர் கையைப் பிடித்து, “வா. சாப்பிடு” என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைய விருந்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ரெஸ்ட் ஹவுஸுக்குப் போனவர்களை ஆள் விட்டுக் கூட்டி வந்தோம். நீள மேசையில் பதித்த தண்டவாளத்தில் சின்ன எஞ்சின் சம்பால் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு ஓடியது. அக்கா அதை ஒவ்வொருவர் எதிரிலும் கையால் நிறுத்தினார். வேண்டாம் என்றவர்களுக்குத்தான் இரண்டு கரண்டி விழுந்தது. ஏன் யாரையும் கேட்டுப் போடுவதில்லை என்றேன். “கேட்டா வெக்கப்பட்டு வேணாம்பாங்க. பசியைக் கேக்கக்கூடாது” என்றார். வேண்டாம் என்றிருந்த கிழவிகள் கடைசியில் துரைக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. புதன்கிழமை இறுதிச் சடங்குக்குப் போனபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். துக்க வீட்டில் யாரும் யாரையும் வா என்று அழைக்கமாட்டார்கள், வழக்கம் அப்படி. அக்காவின் மகள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ‘வா’ என்ற குரல் கேட்காமல் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து, “சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள்.

“கேக்காதே. அக்கா மாதிரி சொல்லு” என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருமையில் அழைத்தறியாதவள் அவள். பக்கத்து வீட்டு ஜன்னலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“வா” என்றாள். “சாப்பிடு.”