எந்த டாசன்?

"டாசன் காலமானார்" என்று எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும், எல்லோரும் முதலில் கேட்டது "எந்த டாசன்?" என்றுதான். பள்ளிக்குப் பக்கத்துக் கடைமடை ஊரில் டாசன்கள் நாலு பேர். டீக்கடை டாசன், டிராக்டர் டாசன், துபாய் டாசன், வாத்தியார் டாசன். கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் நின்றபடி நானும் அதையேதான் கேட்டேன். போனது நம் வாத்தியார். பக்கத்திலிருந்த கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருடம் எங்கள் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவர் வரலாறு, நான் கணக்கு. பார்த்த முதல் நாளே, "எந்த சர்ச்சுங்க?" என்று கேட்டுவைத்தேன். "சர்ச்சு இல்ல பாய், வாய்க்கால்" என்றார். டாசன் வாய்க்காலில் தண்ணீர் திறந்து அது கடைமடையைத் தொடும் நாளில் ஆண்பிள்ளை பிறந்தால், வாய்க்காலின் பெயரையே வைப்பது அந்த ஊர் வழக்கம். "மத்தவங்களுக்கு நட்சத்திரம் பாத்துப் பேரு வப்பாங்க, எனக்குத் தண்ணியப் பாத்து வச்சாங்க" என்பார்.

வாய்க்காலுக்குப் பேர் தந்த வெள்ளைக்காரன் யார் என்று தேடுவது அவருக்கு ஒரு பித்து. விடுமுறையெல்லாம் பழைய ஆவணங்களில் கழியும். ஒரு நீல நோட்டில் டாசன் என்ற பெயரில் எங்கெங்கோ இருக்கும் ஊர், தெரு, பாலம், ஆள் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார். கடைசியில் தஞ்சாவூரில் ஒரு பழைய கல்லறையில் ஆளைப் பிடித்துவிட்டார். பொறியாளர் டாசன், சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்தவர். ஊரே பூரித்துப்போனது. மதகடியில் அவருக்குக் கல்வெட்டு வைக்க நாளும் குறித்தார்கள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு முகம் வெளிறிப்போய் வந்தார்.

"பாய், தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு டாசன் இருந்திருக்கான். வாய்க்காலுக்குப் பேரு குடுத்தது என் ஆளு இல்ல, இன்னொருத்தன்."

அந்த இன்னொருத்தன் அதே காலத்து அதிகாரி. வாய்க்கால் வெட்டப் பண்ணையாட்களைக் கூலியில்லாமல் இழுத்துவந்து, வராதவர்களைக் கட்டிவைத்து அடித்தவன். அடிபட்டவர்கள் டாசன் சாரின் முன்னோர்கள். நான்தான் கோழையாக, "ரெண்டு பேரும் டாசன்தானே சார், யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். ஊரில் அவர் மானம் போய்விடுமே என்பதுதான் என் கவலை.

"எனக்குத் தெரியுதே பாய்" என்றார்.

விழா மேடையில் ஏறி, "நான் சொன்னது தப்பு. இவன் வேற ஆளு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒரே கூச்சல். டீக்கடை டாசன் எழுந்து, "அப்ப எங்க பேரையெல்லாம் மாத்தணுமா வாத்தியாரே?" என்று கத்தினார்.

"எதுக்கு மாத்தணும்? அவன் ஒரு ஆயுசுதான் இந்தப் பேர வச்சிருந்தான். நாம எத்தன தலைமுறையா வச்சிருக்கோம்! வாய்க்கால் வெட்டுனது நம்ம பூட்டன். பேரும் நம்மளுதுதான்."

கல்வெட்டு வைக்கவில்லை. விழாக் குழுவினர் ஒரு வருடம் அவர் முகத்தில் விழிக்கவில்லை, அவரும் அலட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கல் மதகடியில் கவிழ்ந்து கிடக்கிறது. துணி துவைக்க நல்ல கல்.

அவர் போன பிறகு நீல நோட்டை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். அதில் பொறியாளர் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த ஒரு பக்கம் போதும் எனக்கு.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அன்று காலைதான் தண்ணீர் கடைமடைக்கு வந்திருந்தது. டிராக்டர் டாசனுக்குப் பேரனும் பிறந்திருந்தான்.

"டாசன்னுதானே பேரு?" என்றேன்.

"ஆமாங்க."

வாய் சும்மா இருக்காமல், "எந்த டாசன்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "வாத்தியார் பேருங்க."

வீட்டுக்கு வந்ததும் நீல நோட்டைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே அதையும் எழுதிவிட்டேன்.