வெளியே போகக் கூடாத தண்ணீர்

சோதனைக் குழாயைத் தீபம்போல் இரண்டு கைகளாலும் ஏந்தியபடி குவெக் பூன் செங் தாழ்வாரத்தில் வருகிறார். மீன்தொட்டித் தண்ணீரில் மருந்து சொட்டிக் குலுக்கியிருக்கிறார். மஞ்சளானால் நல்ல தண்ணீர், பச்சையானால் அம்மோனியா நஞ்சு. எங்கள் அடுக்குமாடித் தளத்தில் யார் கதவு திறந்திருக்கிறதோ அவர் நிறம் சொல்லியாக வேண்டும்.

“கேர்ள், இது என்ன கலர்?” என்கிறார் என்னிடம்.

“மஞ்சள், அங்கிள்.”

“எனக்குத் தெரியும் லா. சும்மா சாட்சிக்குக் கேட்டேன்.”

சிவப்பென்று நம்பிப் பச்சைச் சட்டையில் அவர் கல்யாண விருந்துக்குப் போனது ஊரறிந்த கதை. யாரும் அதை அவரிடம் பேசுவதில்லை. மக்சிக், அதாவது அத்தை, என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார ரொஹாயா மட்டும், “உங்க மீனு உயிரோட இருக்கிறதே எங்க கண்ணாலதான்” என்பார்.

மீன் ஓர் அரோவானா. பெயர் தவ்கே, அதாவது முதலாளி. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான குவெக் அதற்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். வாதாம் இலை ஊறவைத்து, தேநீர் நிறத்தில் அதற்குத் தண்ணீர் தயாரிப்பார். தம்முடைய காப்பி ஆறிப்போவது அவருக்குத் தெரியாது.

இந்தச் சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், மனைவி சியூ பெங் வீட்டைக் கழுவிய வேகத்தில் மீன்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் வெளுத்துவிட்டார். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியிருந்ததே அதில்தான். மறுநாள் காலை தவ்கே நீர்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி நின்றது. சோதனைக் குழாயில் அப்பட்டமான பச்சை.

தண்ணீரை மாற்றியாக வேண்டும். ஆனால் புத்தாண்டன்று வீட்டிலிருந்து எதையும் வெளியே கொட்டினால் செல்வமும் கூடவே போய்விடும்.

“ஒரு சொட்டு கொட்டுனாலும் நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்” என்றார் சியூ பெங்.

“கொட்டலன்னா தவ்கே செத்துடும்!”

“ச்சீ! நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தை!”

குவெக் யோசித்தார். “சரி, கொட்ட வேணாம். எடுத்து வைப்போம்.”

வாளிகள், ஸ்டீம்போட் சட்டி, எங்கள் இட்லிப் பானை எல்லாம் பழுப்புத் தண்ணீரோடு கூடத்தில் அணிவகுத்தன. “ஹரி ராயாப் பெருநாளுக்குள்ள திருப்பித் தந்துடுங்க” என்று மக்சிக் ரெண்டாங் கறி சமைக்கும் குண்டானை நீட்டினார். குளோரின் முறித்த புதுத் தண்ணீர் தொட்டிக்குள் போனது. ஆரஞ்சுப் பழங்களோடு வந்த விருந்தினர் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு பலகாரம் தின்றார்கள். தேநீரென்று எண்ணிக் கோப்பையில் மொண்ட குவெக்கின் மைத்துனர் கையை எல்லாரும் சேர்ந்து பிடித்தோம்.

மாலையில் தவ்கே கீழே இறங்கி, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. குவெக் குழாயை என் முகத்தருகே நீட்டினார்.

“மஞ்சளா?”

“மஞ்சள்தான், அங்கிள்.”

இந்த முறை சும்மா சாட்சிக்கு என்று அவர் சொல்லவில்லை. குழாயிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு மூடியை இறுக்கி, அதைப் புதுச்சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.