டர்போவுக்குப் போகும் பைப்

பயம் எனக்குத் தாய்வீட்டுச் சீதனம். மற்ற பெண்கள் குத்துவிளக்கு கொண்டுவந்தார்கள், நான் இதைக் கொண்டுவந்தேன். அடுப்பை அணைத்த பிறகும் போய் ஒருமுறை பார்ப்பேன். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வீட்டு ஆட்கள் யார் யார் எங்கே என்று மனதுக்குள் எண்ணுவேன். என் கணவர் இதற்கு நேர்மாறு. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் மழைத்தண்ணீர் வந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று நிதானமாகப் பல் விளக்கியவர். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது எனக்கு அவர் தினமும் சொல்லும் காலை வணக்கம்.

அவருக்குப் பிழைப்பு ஒரு டீசல் பிக்கப் வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சேதராப்பட்டு கம்பெனி ஒன்றுக்கு அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு போவார். சில நாட்களாகவே வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. வீடு திரும்பியதும் பானட்டிலிருந்து கருகல் வாடை வரும். நான் நச்சரித்ததில்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். இன்ஜினிலிருந்து டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகிற பைப்பில் விரிசல். பேனா கனம்கூட இல்லாத இரும்புக் குழாய் அது. முன்பே ஒருமுறை விரிசல் விட்டு, வெல்டிங் பட்டறையில் பித்தளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

"பத்தவெச்ச எடத்துலயே திரும்ப வுட்டுடுச்சுக்கா. டர்போ நெருப்பா காயும். அதும்மேல ஆயில் பீச்சி அடிச்சா பத்திக்கும். புது பைப் போடற வரைக்கும் வண்டிய எடுக்க வாணாம்னு சொல்லுங்க," என்றார் மெக்கானிக். என் கணவர் பக்கத்திலேயே நின்றார். ஆனாலும் மெக்கானிக் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் காலை பார்த்தால் வண்டி நிறைய அட்டைப்பெட்டி. இவர் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னிக்கு ஒரு நடைதான். பெட்டி போகலன்னா அங்க வேலை நின்னுடும். அப்புறம் வேற வண்டிய வெச்சிக்குவான். மெதுவா போய்ட்டு மதியத்துக்குள்ள வந்துடறேன்."

"அட்டைப்பெட்டிங்க. அட்டை!"

"பின்ன, பட்டாசா ஏத்தினு போறேன்? போயி வேலையப் பாரு."

விழுப்புரம் சாலையில் ஒருமுறை எரிந்துபோன வேன் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சீட்டெல்லாம் போய்க் கம்பிச் சுருள்கள் மட்டும் மிச்சம் இருந்தன. டிரைவர் தப்பித்தாரா என்று கேட்கக்கூட வாய் வராமல் வந்துவிட்டேன். என் கணவரின் வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்குக் கண்ணில் நின்றது அந்தக் கம்பிச் சுருள்கள்தான். அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. பயம் வந்தால் கை கால் பரபரக்கும். மெக்கானிக் எடுத்துக் கொடுத்த போட்டோ செல்போனில் இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன்.

காமராஜர் சாலையில் முதல் கடைக்காரர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது வராதும்மா. ரப்பர் ஓஸ் தரேன், ரெண்டு பக்கமும் கிளிப்பு போட்டு முடுக்கிடு. ஓடும்," என்றார்.

"சூடு தாங்குமா?"

"தாங்கற வரைக்கும் தாங்கும்."

நல்ல பதில். நன்றி சொல்லாமல் வெளியே வந்தேன். என் கணவருக்குப் போன் போட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கமாட்டார், தெரியும். அடுத்த கடையில் அந்த வண்டிக்கே பைப் இல்லை என்றார்கள். மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. ரிங் போகிறதே, எரிந்துபோன போனில் ரிங் போகுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு சமாதானம் சொல்லியிருக்கவே கூடாது. அதற்குப் பிறகு எரிந்துபோன போன் எப்படி இருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை.

நெல்லித்தோப்பில் ஒரு கடையில் இருக்கும் என்றார்கள். நான் போய்ச் சேரும்போது கடைக்காரர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். மதியம் ஆனால் எங்கள் ஊரில் பாதிக் கடைகள் தூங்கப் போய்விடும். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் பகல் தூக்கம் போகவில்லை.

"நாலு மணிக்கு வாம்மா."

"என் வீட்டுக்காரர் விரிசல் வுட்ட ஆயில் பைப்போட வண்டி ஓட்டினு ரோட்ல இருக்காரு. போனும் எடுக்கல. உங்க வீட்டு ஆளா இருந்தா சாப்ட்டுத் தூங்கிட்டு நாலு மணிக்கு வருவீங்களா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கினார். குனிந்து உள்ளே போனேன். போட்டோவைப் பார்த்து, இந்த வண்டிக்கு இரண்டு மாதிரி பைப் உண்டு, போல்ட் அளவு வேறு, பழையது கையில் இருந்தால்தான் சொல்ல முடியும் என்றார். பழையதுதான் வண்டியோடு ஓடிக்கொண்டிருக்கிறதே! அப்புறம் செல்போனில் இருந்த ஆர்.சி. புத்தகப் படத்திலிருந்து சேஸிஸ் நம்பரைப் பார்த்து, கம்ப்யூட்டரில் அடித்து, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார்.

"பைப்ப புடிக்கற கிளாம்ப் வண்டில இருக்கா?"

எனக்கு என்ன தெரியும்? போட்டோவை இன்னொரு தடவை பார்த்தார். "இல்ல பாரு. பத்தவைக்கக் கழட்டினவன் திரும்பப் போடல. அதான் ஆடி ஆடி விட்டுப்போச்சு. இதையும் போட சொல்லு. செம்பு வாஷர் நாலும் புதுசா போடணும்." கிளாம்ப்பையும் வாஷர்களையும் உறைக்குள் போட்டுக் கொடுத்தார். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நேரமில்லை.

பைப்பைத் துப்பட்டாவுக்குள் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு சேதராப்பட்டு பக்கம் வண்டியை விட்டேன். வழியில் மறுபடி போன் போட்டேன். இப்போது ஸ்விட்ச் ஆஃப். தூரத்தில் வயல் பக்கம் புகை எழும்பியது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் புல்லுக்கட்டோடு நடந்து போன ஒரு அம்மாவிடம் "அது இன்னாமா புகை?" என்று கேட்டேன். "குப்ப கொளுத்தறாங்க," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போகிற வழியில் ஊசுடு ஏரிக்கரையில், புளியமர நிழலில் எங்கள் பிக்கப் நின்றிருந்தது. முழுசாக நின்றது. பெட்டிகள் கட்டிய கட்டு கலையாமல் இருந்தன. அவர் கேபினில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, வண்டி நின்னுபோச்சா? போன் ஏன் எடுக்கல? நான் அங்க செத்துப் பொழைக்கறேன்..." வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது.

"காலைலயே இங்க நிறுத்திட்டேன். வாடை வந்துச்சு. பானட்ட தொறந்து பாத்தேன், டர்போ மேல ஆயில் கொதிச்சினு இருந்துச்சு. நின்னு ஆறட்டும்னு உட்காந்தேன். அப்புறம் சாவியத் திருப்பலாம்னு பாத்தா கை போவல," என்றார். "ரெண்டு மூணு தரம் பாத்தேன். போவல. உங்கிட்ட போன்ல இன்னான்னு சொல்றது? ஆஃப் பண்ணிட்டேன்."

இத்தனை வருஷம் இவர் பயப்படமாட்டார் என்ற தைரியத்தில்தான் நான் இஷ்டத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். இனி யார் தைரியத்தில் பயப்படுவது என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பைப்பைக் கொடுத்தேன்.

ஸ்பேனரோடு இறங்கினார். இன்ஜின் ஆறிக் குளிர்ந்திருந்தது. பழைய பைப்பைக் கழற்றிப் புதியதை மாட்டினார். வாஷர்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கிளாம்ப்பை முடுக்கிவிட்டு, வண்டியில் வைத்திருந்த டப்பா ஆயிலை ஊற்றி அளவு பார்த்தார். இனி ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், ஒருவர் பைப்பைப் பார்க்க வேண்டும். அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார். அப்படியே இருந்தார்.

"எறங்குங்க, நான் திருப்பறேன்," என்றேன்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கி முன்னால் போனார். தூக்கிய பானட் அவரை மறைத்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய அட்டை.

"உனக்கு பயமா இல்லியா?" பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எனக்கு இன்னா பயம்? நீங்க தள்ளி நின்னு பாருங்க," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. சாவியைத் திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

இன்ஜின் பிடித்தது. அவர் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, "ஒழுகல," என்றார். பானட்டை மூடிவிட்டு வந்து, நான் இறங்கியதும் ஏறினார். பெட்டியை இப்போது கொண்டுபோனால் வாங்குவார்களோ மாட்டார்களோ, போய்த்தான் பார்க்க வேண்டும். நான் ஸ்கூட்டரை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க போற? பின்னாலயே வா. உட்டுட்டுப் போயிடாத," என்றார்.